கதவைத் திறந்தது காற்றா?

எழுத்தாணி:
ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். மூலத்தில் இருந்தது: "கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது." நான் எழுதியது: "ஓப்பனிங் தி டோர், தி கோல்டு விண்ட் ஹிட் மை ஃபேஸ்." படிக்க ஓட்டமாக இருந்தது, சந்தேகமே எழவில்லை. பதிப்பாசிரியர் 'ஓப்பனிங்' என்ற சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "கதவைத் திறந்தது காற்றா?"

அன்று முழுக்க அந்த வட்டம் என்னை விடவில்லை. தமிழில் குறையில்லாத வாக்கியம் ஆங்கிலத்தில் ஏன் பிசகியது? 'திறந்ததும்' என்பதை எடுத்துவிட்டு, "கதவைத் திறந்து குளிர்காற்று முகத்தில் அறைந்தது" என்று எழுதிப் பார்த்தேன். இப்போது தமிழிலும் காற்றே கதவைத் திறந்துவிட்டது! 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் சொல்வதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பொருள் அன்றுதான் உறைத்தது: 'திறந்து' என்றால், திறந்தவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். திறந்ததும், திறக்க, திறந்தபோது ஆகியவற்றுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆங்கிலத்தின் 'இங்' தொடரோ 'செய்து' போன்றது. தனக்கென எழுவாய் இல்லாவிட்டால், அடுத்து வரும் எழுவாயைப் பற்றிக்கொள்ளும். நான் 'திறந்ததும்' என்று நினைத்துக்கொண்டு 'திறந்து' என்று எழுதியிருக்கிறேன். "வென் ஐ ஓப்பன்ட் தி டோர்" என்று மாற்றினேன்.

தேன்கூடு:
எனக்கு நேர்ந்தது வேலை விண்ணப்பத்தில். "ஹேவிங் வொர்க்ட் ஃபார் டென் இயர்ஸ், யுவர் கம்பெனி..." என்று தொடங்கியிருந்தேன். பத்து ஆண்டுகள் உழைத்தது நான். வாக்கியமோ அந்த உழைப்பை அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் காற்புள்ளிக்கு அடுத்து யார் நிற்கிறார் என்று பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

மருதம்:
நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்தப் பிழையைத் தேடித் தேடித் திருத்திய வேகத்தில், மாணவி ஒருத்தி எழுதிய "கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்" என்பதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தவறு என்னுடையது. 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்' போன்றவை வினையின் நினைப்பே இல்லாமல் முன்னிடைச்சொல்லாக (பிரிப்பொசிஷன்) நிலைத்துவிட்டவை. நம் 'பற்றி', 'குறித்து' இரண்டும் அப்படி வந்தவைதாமே! "மழையைப் பற்றிப் பேசினோம்" என்றால் யார் எதைப் பற்றினார் என்று எவரும் கேட்பதில்லை. மறுநாளே அவளிடம் சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

"யூசிங் எ தெர்மாமீட்டர், தி டெம்பரேச்சர் வாஸ் மெஷர்ட்" என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அளந்தவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியும் என்பதால் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை.