மாலைதீவு ஹனிமூன்: போட் காசு யார் கொடுத்தது?

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
நேற்று நகர்ப் பயணி இங்கே எழுதியதை வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "மாலைதீவில் ஓல் இன்குளூசிவ் ரிசோர்ட்டில் நான்கு இரவு ஹனிமூன் போனோம், தீவில் கால் வைத்த நேரத்திலிருந்து ஒரு சதம் செலவில்லை, கணக்குப் பார்த்தால் மட்டக்களப்புப் பாசிக்குடா ஹோட்டலை விட மலிவு, புதுச் சோடிகள் யோசிக்காமல் போங்கள்" என்று எழுதியிருக்கிறார். கீழே ஏஜென்சி நம்பர் கேட்டுச் சனம் வரிசையில் நிற்கிறது. நான் அந்த நாட்டு ரிசோர்ட் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்தவன். பில்லைப் பார்த்து முகம் வெளுத்த எத்தனையோ சோடிகளை என் கண்ணால் கண்டவன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். மாலே விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்கு எதில் போனீர்கள், அந்தக் காசு யார் கொடுத்தது?

நகர்ப் பயணி:
வந்துவிட்டார் நீதவான். நான் எழுதியதை ஒழுங்காக வாசியுங்கள். "தீவில் கால் வைத்த நேரத்திலிருந்து" என்றுதான் எழுதினேன். காலைச் சாப்பாடு, மத்தியானம், இரவு, ஜூஸ், கோப்பி, கேக், ஸ்நோர்க்கல் கண்ணாடி எல்லாம் விலைக்குள் அடக்கம். பேர்ஸை அறை லொக்கரில் போட்டதுதான், திரும்பி வரும் நாளில்தான் எடுத்தேன். இதில் என்ன பொய்?

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
கால் வைத்த பிறகு சரி. கால் எப்படி அங்கே போனது? நீந்தியா? மாலே விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. வெளியே வந்தால் முன்னாலேயே கடல், ஒவ்வொரு ரிசோர்ட்டுக்கும் ஒரு கவுண்டர். அங்கிருந்து ஒன்று ஸ்பீட் போட், இல்லை கடலில் இறங்கும் சீ பிளேன், தூரத் தீவு என்றால் உள்ளூர் விமானமும் அதற்குப் பிறகு போட்டும். சீ பிளேன் போக வர ஆளுக்கு 400, 500 டொலர் என்பது சாதாரணம். இரண்டு பேர் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தக் காசு பக்கேஜுக்குள் இருந்ததா இல்லையா?

பாசிக்குடாப் பொடியன்:
அண்ணன் சொல்வது நூறு வீதம் சரி. எங்கள் பாசிக்குடாவுக்கு மட்டக்களப்பு டவுனிலிருந்து வாழைச்சேனை பஸ் ஏறினால் போதும், சீ பிளேன் தேவையில்லை. இடுப்பளவு தண்ணீரில் கன தூரம் உள்ளே நடந்து போகலாம், அலை கிடையாது, நீச்சல் தெரியாத பொம்பிளையும் பயமில்லாமல் இறங்குவாள். ரிசோர்ட்டிலும் உள்ளூர்க்காரனுக்கு ரூபாயில் தனி விலை. மாலைதீவில் உனக்கும் டொலர், வெள்ளைக்காரனுக்கும் டொலர். சொந்த ஊர்க் கடலைக் குறைத்துக் கதைக்கிறவனுக்கு என்ன சொல்ல.

நகர்ப் பயணி:
தம்பி, நான் கடலைக் குறைத்துக் கதைக்கவில்லை, விலையைக் கதைத்தேன். பாசிக்குடாவில் அறை ஒரு விலை, சாப்பாடு வேறு விலை, இரண்டு சோடா குடித்தால் அது வேறு பில். அதைத்தான் சொன்னேன்.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
போட் காசு?

கல்முனைத் தங்கச்சி:
அண்ணன்மார் சண்டை பிடிக்க முதல் எனக்கொரு பதில் சொல்லுங்கள். எனக்கு ஆவணியில் கலியாணம். அவருக்கு லீவு ஒரு கிழமைதான். ஆவணிக் கடைசியில் மாலைதீவு போனால் மழையா, வெயிலா?

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
தங்கச்சி, நல்ல கேள்வி, இதைத்தான் ஏஜென்சிக்காரர் வாய் திறந்து சொல்வதில்லை. மாலைதீவுக் காலநிலை எங்கள் கிழக்குக் கரைக்கு நேர் எதிர். மே தொடக்கம் நவம்பர் வரை அங்கே தென்மேல் பருவம், மழையும் காற்றும். எங்களுக்கு அது கச்சான் காற்று வீசும் காலம், பாசிக்குடா கண்ணாடி மாதிரிக் கிடக்கும். தையில் கலியாணம் என்றால் மாலைதீவு. ஆவணி என்றால் இங்கேயே இருக்கலாம். ஆவணியில் அங்கே விலை குறைத்துத் தருவார்கள்தான், அது உங்கள் மேல் உள்ள பாசத்தால் இல்லை. நாள் முழுக்கப் பெய்யும் என்று சொல்லமாட்டேன், வெயிலும் வரும். ஆனால் காற்று எழும்பினால் ஸ்பீட் போட்டில் முதுகெலும்பு கழன்றுவிடும், அந்த நேரத்தில் கடல் கலங்கி மீனும் தெரியாது. நான் வேலை செய்த இடத்தில் ஒரு சோடி அறைக் கதவைத் திறந்து வைத்து மழையைப் பார்த்தபடியே நாளைப் போக்கியது. அந்தப் பிள்ளை மூன்று நேரமும் வேறு வேறு சேலை உடுத்திச் சாப்பிட மட்டும் வரும், குடை பிடித்துப் பலகைப் பாலத்தில் ஓடி வரும்.

நகர்ப் பயணி:
நாங்கள் ஓகஸ்டில்தான் போனோம். ஒரு மழைதான் பெய்தது. பயம் காட்ட வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
ஓகஸ்டா? நல்லது. நீங்கள் போட்ட படங்களை இப்போதுதான் திரும்பப் பார்க்கிறேன். முதல் படம் சீ பிளேனுக்கு முன்னால் மாலையும் கழுத்துமாக. கீழே "பின்னேர பிளைட்டில் கட்டுநாயக்கவில் ஏறி இருட்டின பிறகு மாலேயில் இறங்கினோம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சீ பிளேன் இரவில் பறக்காது, பகலில் மட்டும்தான். அப்படியென்றால் அந்த இரவு எங்கே படுத்தீர்கள்? விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் ஹோட்டல் எடுத்திருப்பீர்கள். அந்த இரவும் உங்கள் நான்கு இரவுக்குள்ளா? அந்த அறைக் காசு யார் கொடுத்தது? அடுத்த நாள் சீ பிளேன் காசு யார் கொடுத்தது?

வாவிக்கரை ஆசிரியர்:
இருவரும் கொஞ்சம் நிதானமாகக் கதைக்கலாம். புதுமணத் தம்பதியின் படத்தை இப்படி விசாரணை செய்வது அழகில்லை.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
சேர், அழகு வேறு, காசு வேறு. கடன் வாங்கிக் கலியாணம் செய்கிற ஊர் இது. ஒருவர் "ஒரு சதம் செலவில்லை" என்று எழுதினால் நாலு பேர் நம்பி அடகு வைப்பார்கள்.

காத்தான்குடி காக்கா:
நான் வேறு விஷயம் சொல்கிறேன். ஓல் இன்குளூசிவ் விலையில் ஒரு பங்கு பாருக்குப் போகிறது. பியர், வைன் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறான். எங்களைப் போல் குடிக்காதவன் ஏன் மற்றவன் குடிக்கிறதுக்குக் காசு கட்ட வேண்டும்? புல் போர்ட் எடுத்தால் மூன்று நேரச் சாப்பாடும் கிடைக்கும், தண்ணீருக்கும் சோடாவுக்கும் மட்டும் காசு கட்டலாம். இன்னும் குறைய வேண்டும் என்றால் மாஃபுஷி மாதிரிச் சனம் குடியிருக்கிற தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுக்கலாம், 2009க்குப் பிறகு அதற்கு அனுமதி இருக்கிறது. அங்கே மது இல்லை, பள்ளிவாசல் இருக்கிறது, பாங்கு கேட்கும், ஹலால் சாப்பாடு பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு எடுக்கிற கிறீன் டாக்ஸ் வரியும் சின்னக் கெஸ்ட் ஹவுஸில் பாதிதான்.

நகர்ப் பயணி:
காக்கா, ஹனிமூனுக்குக் கெஸ்ட் ஹவுஸா? தண்ணீருக்கு மேல் வீடு, படுக்கையிலிருந்து இறங்கினால் கடல், சின்னச் சுறாக் குட்டிகள் காலைச் சுற்றும், அதற்குத்தான் சனம் போகிறது.

காத்தான்குடி காக்கா:
தண்ணீருக்கு மேல் வீடு எடுக்க வசதி உள்ளவன் எடுக்கட்டும். மலிவு என்று சொன்னது நீங்கள்தானே.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
காக்கா சொல்வது சரி, ஆனால் அதிலும் போட் காசு இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். அப்புறம் வரி. சில இடத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளம் போட்டிருப்பான். அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 1000 டொலர் என்று போட்டால் அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், 1100. அதற்கு மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17 வீதம், 1287 ஆகிவிடும். கிறீன் டாக்ஸ் ரிசோர்ட்டில் 2025 ஜனவரியிலிருந்து ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டொலர். இரண்டு பேர் நான்கு இரவு என்றால் 96. மொத்தம் 1383. எல்லாம் சேர்த்த விலையும் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. எழுத்தில் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். வரி சேர்த்தா, போட் சேர்த்தா. நகர்ப் பயணிக்கு இந்த இரண்டு சொல்லில் பதில் எழுத ஏன் கை வரவில்லை?

நகர்ப் பயணி:
உங்களுக்கு என்ன பிரச்சினை என்று எனக்குத் தெரியும். நாங்கள் விருந்தாளியாகப் போய் இருந்த இடத்தில் நீங்கள் தட்டுத் தூக்கினீர்கள். அந்த எரிச்சல். போன வருசம் அறுகம்பை அறை விலை பற்றி நான் எழுதினபோதும் இதே ஆள்தான் வந்து குழப்பினார்.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
ஓம், தட்டுத் தூக்கினேன். அந்தத் தட்டில்தான் என் தங்கச்சிக்கு வீடு கட்டினேன், உம்மாவுக்கு வாப்பாவுக்கு ஹஜ் காசு அனுப்பின காத்தான்குடிப் பொடியன்களும் என்னோடு பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள்தான். காலை ஐந்து மணிக்கு எழும்பி முட்டை அடுப்புக்கு முன்னால் நின்று, வரிசையில் நிற்கிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் வெங்காயம் போடவா மிளகாய் போடவா என்று கேட்டுச் சிரித்த முகத்தோடு கொடுத்தவன். உங்களைப் போன்றவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வருவீர்கள், நான் பில்லைப் பார்த்தவன். எந்த விஸ்கி அடக்கம், எந்த விஸ்கிக்குத் தனிக் காசு என்று எனக்கு மனப்பாடம். ஜெட் ஸ்கீ தனி, ஸ்பா தனி, மணல்திட்டில் மெழுகுதிரி வைத்துச் சாப்பாடு தனி, பிரதான சாப்பாட்டுக் கூடத்தை விட்டு மற்ற ரெஸ்டோரண்டுக்குப் போனால் பல இடங்களில் அதுவும் தனி. இதையெல்லாம் தெரிந்தவன் சொன்னால் எரிச்சலா? அறுகம்பைக் கதையையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். அலைச்சறுக்குக்காரர் வருகிற அலைக் காலத்தில் அங்கே அறை கிடைக்காது என்று நான் சொன்னதை இப்போதும் சொல்வேன்.

வாவிக்கரை ஆசிரியர்:
தொழிலை இழிவாகப் பேசியது தவறு, நகர்ப் பயணி அதைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் தம்பி பாசிக்குடாப் பொடியன் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். ஹோட்டல்கள் வரிசையாக வந்த பிறகு கரையில் நின்று வலை இழுத்து மீன் பிடிக்கிற கரைவலைக்காரருக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது. சொந்தக் கடல் என்று பெருமைப்படும்போது அதையும் நினைக்க வேண்டும்.

பாசிக்குடாப் பொடியன்:
சேர், எங்கள் கரையைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2004 சுனாமியில் அந்தக் கரையில் இருந்ததையெல்லாம் கடல் வழித்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு யார் வந்து எட்டிப் பார்த்தது? ஹோட்டல் வந்ததால்தான் எனக்கு போட் ஓட்டுகிற தொழில் கிடைத்தது. காயங்கேணிப் பக்கம் பவளக் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய் மீன் காட்டுகிறேன். மாலைதீவுப் பவளம் என்று பெரிதாகச் சொல்கிறார்கள், 1998இல் கடல் சூடாகி அங்கேயும் வெளுத்துச் செத்தது, 2016இலும் வெளுத்தது. எல்லாக் கடலுக்கும் ஒரே கஷ்டம்தான்.

வாவிக்கரை ஆசிரியர்:
நான் கேட்டது கரைவலை. நீங்கள் பதில் சொல்வது பவளம்.

காத்தான்குடி காக்கா:
சாப்பாட்டையும் கேட்கலாமே. மாஸ் ஹுனி என்று காலையில் தருவது என்ன? சூரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி. எங்கள் வீட்டில் மாசிச் சம்பல் என்று உம்மா இடிப்பதுதான். அதற்கு டொலர் கட்ட வேண்டுமா?

நகர்ப் பயணி:
மாஸ் ஹுனியும் மாசிச் சம்பலும் ஒன்று என்று சொல்கிறவர் இரண்டையும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
இரண்டையும் செய்தே கொடுத்தவன் நான் இருக்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டாம். அங்கே மீன் வேகவைத்தது அல்லது புகையில் போட்டது, இங்கே காய்ந்த மாசி. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கேள்வி அது இல்லை. சீ பிளேனில் 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை, அதற்கு மேல் போனால் கிலோவுக்குக் காசு. உங்கள் படத்தில் மூன்று பெரிய பெட்டி தெரிகிறது. அதற்கு யார் கட்டினது?

நகர்ப் பயணி:
சரி, கேட்டுக்கொள்ளுங்கள், இத்தோடு முடியட்டும். சீ பிளேனும் ஹுல்ஹுமாலே அறையும் மனைவியின் அண்ணன் சுவிஸிலிருந்து கலியாணப் பரிசாகக் கட்டினது. என் கையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. ஆகவே நான் எழுதினது எழுதினதுதான். செலவில்லை என்றால் செலவில்லை.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
பார்த்தீர்களா சனங்களே! சுவிஸ் அண்ணன் கட்டின காசு காசு இல்லையாம். எல்லோருக்கும் சுவிஸில் அண்ணன் இருக்கிறாரா? கல்முனைத் தங்கச்சிக்கு இருக்கிறாரா?

கல்முனைத் தங்கச்சி:
எனக்கு அண்ணனே இல்லை. ஏஜென்சியிடம் கேட்டேன், மழை பற்றிக் கேட்டதற்கு "தீவு எப்போதும் அழகு" என்று பதில் வந்தது. போட் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. கலியாணப் பதிவுச் சான்றிதழ் கொண்டு வந்தால் கேக்கும் படுக்கையில் பூவும் இலவசம் என்று மட்டும் மூன்று தரம் அனுப்பினார்கள்.

நகர்ப் பயணி:
அது வேறு ஏஜென்சி. நான் சொன்ன ஆளிடம் கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி ஸ்டுவர்ட்:
அந்த ஆளிடம் ஒரு சோடி பிடித்துக் கொடுத்தால் உங்களுக்கு எவ்வளவு?

நகர்ப் பயணி:
இதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பொறாமைக்கு மருந்து இல்லை.

பாசிக்குடாப் பொடியன்:
கல்முனை அக்கா, ஆவணியில் எங்கள் பக்கம் வாருங்கள். போட் நான் ஓட்டுகிறேன், விலையை முதலே சொல்லிவிடுவேன்.

வாவிக்கரை ஆசிரியர்:
விலையைச் சொல்வீர்கள். கரைவலைக்காரருக்கு இடம் எங்கே என்பதைச் சொல்லவில்லை.

பாசிக்குடாப் பொடியன்:
சேர், உங்கள் வீடு வாவிக்கரையில். வாவியை மண் போட்டு நிரப்புகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள், அப்புறம் எங்கள் கல்குடாக் கரைக்கு வாருங்கள்.