ஹப் சென்டர் ஸ்டீயரிங்குக்குத் தமிழ்ச்சொல்: கலைச்சொல் விவாதம்

மடல் 1

வணக்கம்.

தனியாகக் கட்டப்படும் ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் முன்பக்க சஸ்பென்ஷன் பற்றிய கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. படிக்கப் போகிறவர்கள் சட்டகம் வெல்டு செய்பவர்கள். எனவே சொல் மயங்கினால் அளவும் மயங்கிவிடும்.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்ப வழியில்லை. சஸ்பென்ஷனுக்கு 'இடைநீக்கம்' என்று வருகிறது. வண்டிக்கு மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது போல! டெலஸ்கோப்பிக் ஃபோர்க், 'தொலைநோக்கி முட்கரண்டி' ஆகிவிட்டது.

இதுவரை வைத்திருக்கும் சொற்கள்: சஸ்பென்ஷன் – தாங்கல், ஃபோர்க் – கவை, டெலஸ்கோப்பிக் ஃபோர்க் – குழல் கவை, டாம்பர் – தணிப்பான், விஷ்போன் – கவட்டைக் கை. இவற்றில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

முடிவாகாதவை இரண்டு. ஒன்று, ஹப் சென்டர் ஸ்டீயரிங் (முன்சக்கரத்தின் ஹப்புக்கு உள்ளேயே இருக்கும் அச்சைச் சுற்றிச் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு). மற்றது, குழல் கவை இல்லாத எல்லா அமைப்புகளுக்குமான பொதுப்பெயர். அதற்குத் தற்காலிகமாக 'மாற்று முன்தாங்கல்' என்று எழுதியிருக்கிறேன்.

மடல் 2

> மாற்று முன்தாங்கல்

இது வேண்டாம். எதற்கு மாற்று என்று மட்டும்தான் அது சொல்கிறது. வண்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. 1935இல் பி.எம்.டபிள்யூ. ஆர்12 எண்ணெய்த் தணிப்புள்ள குழல் கவையோடு வந்தபோது அதுதான் மாற்று. இன்றைக்கு மாற்று எனப்படும் கர்டர் கவை (குழல் இல்லாமல், கவை முழுவதும் குட்டை இணைப்புகளில் ஏறி இறங்குவது) அன்றைக்கு வழக்கம்.

பெயர் வைக்கும் முன், குழல் கவையில் என்ன தகராறு என்று பார்த்துவிடுவோம். திருப்புவது, தாங்குவது, பிரேக் இழுப்பை வாங்குவது ஆகிய மூன்றையும் ஒரே ஜோடிக் குழாய்கள் சுமக்கின்றன. ஓட்டுபவரோடு சேர்த்து 250 கிலோ வண்டி, 1 ஜி அளவில் (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக) பிரேக் பிடித்தால் முன் டயரைத் தரை சுமார் 2,450 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். குழாய்களைப் பிடிக்கும் கீழ் கிளாம்ப் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் பிரேக் இழுப்பால் மட்டும் அங்கே சுமார் 1,700 நியூட்டன் மீட்டர் வளைவு விழுகிறது. குழாய் வளைகிறது, புஷ்ஷில் பிடிக்கிறது. மேடு பள்ளத்தைக் கவை விழுங்க வேண்டிய நேரத்தில்தான் அது இறுகி நிற்கும்.

அடுத்தது அமுங்கல். குழல் கவை அமுங்கும்போது சக்கரம் மேலே போவதோடு பின்னுக்கும் போகிறது. பிரேக் இழுப்பும் பின்னுக்குத்தான், ஆகவே இழுப்பே கவையை அமுக்குகிறது. எடை முன்னே சாய்ந்து அமுக்குவது இதற்கு மேல் தனிக்கணக்கு. ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரம், சக்கர இடைவெளி 1,400 மி.மீ. என்றால் எடைச் சாய்வின் விகிதம் 0.464. கவைச் சாய்வு 24 டிகிரி என்றால் அதன் டேன் மதிப்பு 0.445. இரண்டும் ஏறக்குறைய சமம். அதாவது, எடையால் மட்டும் அமுங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு அமுங்குகிறது.

எனவே பொதுப்பெயர் இந்த வேலைகளைப் பிரித்துக்கொடுப்பதைச் சொல்ல வேண்டும். 'பிரிபணி முன்தாங்கல்' என்பது என் பரிந்துரை.

மடல் 3

பிரிபணி நன்றாக இருக்கிறது. சொல்லும்போதே வேலை தெரிகிறது.

ஹப்புக்கு வருகிறேன். தேர்ச்சக்கரத்தின் நடுக்கட்டைக்குப் பழந்தமிழில் குறடு என்று பெயர். அழகான சொல்தான். ஆனால் பட்டறையில் "குறட்டை எடு" என்றால் கைக்கு வருவது பிளையர். (தூக்கத்தில் வருவதை விட்டுவிடுவோம்.) மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதே பாகம் குடம்: குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி. பட்டறையில் குடம் என்ற சொல்லுக்கு வேறு வேலை இல்லை. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டீயரிங்குக்குப் பாடநூல்களில் 'திசைமாற்றி' இருக்கிறது. ஈழத்து வழக்கில் 'சுக்கான்' உண்டு. சுக்கான் நல்ல சொல், ஆனால் அதிலிருந்து வினை பிறக்காது. நமக்கு வேண்டியது ஒரு சொல் மட்டுமல்ல, ஒரு குடும்பம். 'திருப்பு' என்ற வேரை வைத்தால் திருப்பம், திருப்பு கோணம், திருப்புத் தண்டு, திருப்பச்சு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஸ்டீயரிங் ஆக்ஸிஸ் என்பதற்குத் திருப்பச்சு என்பதைவிடச் சுருக்கமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இனி 'சென்டர்'. அதை மொழிபெயர்க்கவே தேவையில்லை என்பது என் கட்சி. 'குடமையத் திருப்பம்' என்றால் குடத்தின் நடுவில் ஏதோ நடக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது. அங்கே இருப்பது கிங்பின், அதாவது முளை. குடத்துக்குள் முளை நிற்கிறது, சக்கரம் அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. எனவே குடமுளைத் திருப்பம்.

ஒரு இணைப்பு: ரேக், ட்ரெய்ல் இரண்டையும் திருப்பச்சை வைத்தே சொல்லிவிடலாம். ரேக் – திருப்பச்சுச் சாய்வு. திருப்பச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறதோ அதுதான் ட்ரெய்ல், ஆகவே பின்தங்கல். 'கழுத்துச் சாய்வு' என்று சிலர் எழுதுகிறார்கள் (கழுத்து என்பது சட்டகத்தின் முன்முனையில் கவை சுழலும் குழாய்). குடமுளை வண்டியில் அந்தச் சாய்வைக் காட்டக் கழுத்தே கிடையாது.

மடல் 4

குடமுளைக்கு என் ஓட்டு. ஆனால் குழல் கவை இல்லாத வண்டியையெல்லாம் அதற்குள் அடைத்துவிடக் கூடாது. பத்திரிகைகளில் அந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பிமோட்டா டெசி உண்மையான குடமுளை வண்டி. (டெசி என்றால் இத்தாலியனில் ஆய்வேடு. பியர்லூயிஜி மார்க்கோனியின் பல்கலைக்கழக ஆய்வேட்டில் பிறந்த வடிவம் என்பதால் அந்தப் பெயர்.) 1993இல் வந்த யமஹா ஜி.டி.எஸ்.1000ஐயும் பலர் இதே கூட்டத்தில் சேர்க்கிறார்கள். ஜேம்ஸ் பார்க்கரின் அந்த வடிவத்தில் ஒருபக்கக் கை உண்டு, குடத்துக்குள் முளை இல்லை. சக்கரத்தைப் பிடிக்கும் நிமிர்தண்டின் (அப்ரைட்) கீழ் மூட்டு சக்கரத்துக்குள், மேல் மூட்டு டயருக்கு மேலே. அந்த இரண்டு பந்து மூட்டுகளையும் இணைக்கும் கற்பனைக் கோடுதான் திருப்பச்சு.

நார்மன் ஹொசாக்கின் அமைப்பிலும் திருப்பச்சு இரண்டு மூட்டுகளால்தான் வருகிறது. அங்கே இரண்டு மூட்டுகளும் சக்கரத்துக்கு மேலே. கவட்டைக் கைகள் இரண்டு, அவற்றின் முனையில் கவை வடிவ நிமிர்தண்டு. நியூசிலாந்தின் ஜான் பிரிட்டன் வி1000இல் கார்பன் ஃபைபரால் கட்டியது இந்த இனம். பி.எம்.டபிள்யூ. கே1200எஸ் வண்டியில் 2004இல் டுவோலீவர் என்று வந்ததும் இதுவே.

ஆகவே பெயர், திருப்பச்சு *எங்கே* இருக்கிறது என்பதை வைத்து வேண்டாம், *எதனால் உண்டாகிறது* என்பதை வைத்து வரட்டும். முளையால் என்றால் குடமுளைத் திருப்பம். இரண்டு பந்து மூட்டுகளால் என்றால் இருமூட்டுத் திருப்பம். கழுத்திலுள்ள பேரிங்குகளான கோன் செட்டால் என்றால் கழுத்துத் திருப்பம்.

இது வெறும் வகைபிரிப்பு இல்லை. வண்டி கட்டுபவர் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதே இதில்தான் மாறுகிறது.

இருமூட்டில் பயம் மூட்டின் சாய்வு எல்லை. ராடு எண்ட் (மரைத்தண்டின் முனையில் உள்ள பந்து மூட்டு) பலவும் 10 முதல் 15 டிகிரி வரைதான் சாயும். 250 மி.மீ. கை, நடுநிலையிலிருந்து 60 மி.மீ. மேலும் கீழும் போனால் ஏறக்குறைய 14 டிகிரி, அதுவே எல்லையைத் தொட்டுவிடும். 300 மி.மீ. கை என்றால் 11.5 டிகிரி. இதில் திருப்பு கோணமும் சேர்ந்தால் மூட்டு முட்டிக்கொண்டு தண்டு உடையும். தீர்வு எளிது: மூட்டின் போல்ட்டைத் திருப்பச்சின் வழியாகவே நிறுத்துங்கள். அப்போது திருப்பம் போல்ட்டைச் சுற்றிச் சுழல்வதோடு போய்விடும், சாய்வெல்லாம் தாங்கலுக்கு மட்டும். போல்ட்டை ஒருபக்கம் மட்டும் பிடிக்காமல் இருபுறமும் காது வைத்துப் பிடியுங்கள். ராடு எண்டின் மரைத்தண்டு நேர் இழுப்புக்கு உரியது, அதை வளைய விட்டால் மரையின் அடியில் வெடிக்கும்.

குடமுளையில் பயம் தளர்வு. ஹேண்டில்பாரிலிருந்து குடம் வரை நான்கு மூட்டு, ஒவ்வொன்றிலும் 0.05 மி.மீ. தளர்வு என்றால் மொத்தம் 0.2 மி.மீ. திருப்புக் கை 60 மி.மீ. நீளமானால் சக்கரத்தில் 0.19 டிகிரி. விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்றால், 350 மி.மீ. தள்ளியிருக்கும் கைப்பிடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் சும்மா ஆடும். "முன்பக்கம் பேசவில்லை" என்று ஓட்டுபவர் புகார் சொன்னால் முதலில் இதைத்தான் அளக்க வேண்டும், வடிவமைப்பைத் திட்டுவது அப்புறம். இன்னொன்று: இருபக்கக் கைகளுக்கு நடுவே சக்கரம் திரும்ப இடம் குறைவு. திருப்பு கோணத்தைத் தாளில் வரைந்து பார்க்காமல் கையை வளைக்காதீர்கள்.

மடல் 5

நன்றி. இருமூட்டு, குடமுளை, கழுத்து என்ற மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, பம்ப் ஸ்டீயர் (தாங்கல் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்புவது) சோதனையை இவற்றைக் கொண்டு எழுதிப் பார்த்தேன். அதற்கு வைத்த சொல் 'மேட்டுத்திருப்பம்'.

"குடமுளை வண்டியில் மேட்டுத்திருப்பம் அளக்கும் முறை: சுருள்வில்லையும் தணிப்பானையும் கழற்றவும். சட்டகத்தைத் தாங்கியில் நிறுத்தி, பாரை நேராக வைத்து அசையாமல் பூட்டவும். சக்கரத்தில் லேசர் முனையைக் கட்டி, 2 மீட்டர் முன்னால் அட்டையை நிறுத்தவும். தாங்கலை 10 மி.மீ. படிகளில் 120 மி.மீ. வரை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் புள்ளியைக் குறிக்கவும். பக்கவாட்டில் 35 மி.மீ. நகர்வு ஒரு டிகிரி. புள்ளிகள் சாய்ந்த நேர்கோடாக வந்தால் திருப்புத் தண்டின் முனை உயரம் தவறு. 1 மி.மீ. வாஷர்களால் ஏற்றி இறக்கிச் சரிசெய்க. வில்போல் வளைந்து இரு கோடிகளும் ஒரே பக்கம் போனால் தண்டின் நீளம் தவறு. அதை வாஷரால் தீர்க்க முடியாது, மூட்டின் இடத்தையே மாற்ற வேண்டும்."

படிக்கத் தடங்கல் இருக்கிறதா?

மடல் 6

படிக்கத் தடங்கல் இல்லை, பொருளில் ஒரு ஓட்டை. மேட்டுத்திருப்பம் பள்ளத்திலும் வரும், பிரேக்கிலும் வரும். மேடு என்று ஏன் கட்டிப்போட வேண்டும்? 'தாங்கல்வழித் திருப்பம்' என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் காரணம் பெயரிலேயே இருக்கிறது.

முறையில் ஒரு வரி சேர்க்கவும்: பாரை நேராக வைத்து ஒருமுறை, இரு பக்கமும் 10 டிகிரி திருப்பி வைத்து ஒவ்வொரு முறை. நேரில் சுத்தமாக இருக்கும் இணைப்பு, திருப்பி வைத்தால் விலகலாம். வளைவின் நடுவே பார் தானாக இழுப்பது அப்படித்தான்.

மடல் 7

ஆன்டி டைவ் என்பதற்கு ஒருவரும் சொல் தரவில்லை. 'எதிர் மூழ்கல்' என்று ஓரிடத்தில் பார்த்தேன். வண்டி குளத்திலா ஓடுகிறது? முன்பக்கம் அமுங்குகிறது, அதைத் தடுக்கிறோம்: அமுங்கல் தடுப்பு.

இதற்குக் கையேட்டில் எண்ணும் கொடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு கைகளின் கோடுகளையும் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி கிடைக்கும். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. மடல் 2இல் சொன்ன வண்டிக்கு அந்தக் கோடு பின்னோக்கி 24.9 டிகிரி ஏறினால் தடுப்பு 100 சதவீதம், 7.9 டிகிரி ஏறினால் 30 சதவீதம். 100 வைக்கலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும், வைக்கக் கூடாது. எவ்வளவு பிரேக் பிடித்திருக்கிறோம் என்பதை ஓட்டுபவர் உணர்வதே அந்த அமுங்கலால்தான். ஏர்ல்ஸ் கவை (சக்கரத்துக்குப் பின்னால் கீல் வைத்த கையில் சக்கரத்தைத் தாங்குவது) இன்னும் ஒரு படி மேலே போய், பிரேக் பிடித்தால் முன்பக்கத்தை எழுப்பிக் காட்டும்.

கொஞ்சம் அமுங்கல் இருந்தாலும் பின்தங்கல் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிடுங்கள். டயர் ஆரம் 300, விலக்கு (திருப்பச்சுக்கும் சக்கர அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) 30 மி.மீ. என்றால் 24 டிகிரிச் சாய்வில் பின்தங்கல் சுமார் 101 மி.மீ. வண்டி 3 டிகிரி முன்னே கவிழ்ந்து சாய்வு 21 ஆனால் அது 83க்கு இறங்கும். குழல் கவைக் கணக்கு இது. இருமூட்டில் கைகளின் நீளத்தையும் கோணத்தையும் மாற்றி இந்த இறக்கத்தைக் குறைக்கலாம்.

மடல் 8

ஒரே ஒரு சிக்கல் மீதம். பி.எம்.டபிள்யூ.வின் டெலிலீவர் முன்தாங்கலில் குழல்கள் உண்டு, ஒரு கவட்டைக் கையும் உண்டு. மேல் கிளாம்ப்பில் ஒரு பந்து மூட்டு, கையின் முனையில் இன்னொன்று. மடல் 4இன் விதிப்படி அது இருமூட்டுத் திருப்பம். பார்ப்பவர் கண்ணுக்கோ அது குழல் கவை.

மடல் 9

விதிப்படியே வைப்போம். கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிட்டதால்தான் ஜி.டி.எஸ். தவறான கூட்டத்தில் போய் நின்றது. 'குழலோடு கூடிய இருமூட்டுத் திருப்பம்' என்று ஒரு வரி எழுதி, படத்தில் இரண்டு மூட்டையும் சிவப்பு வட்டமிட்டு, நடுவே திருப்பச்சைப் புள்ளிக்கோடாக வரைந்துவிடுங்கள். ராடு எண்ட், வாஷர், கிளாம்ப் அப்படியே இருக்கட்டும். கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.