பரு தழும்புக்கு ஃப்ராக்ஷனல் லேசர்: நம்ம கலருக்கு ஒத்து வருமா?

திருப்பூர்தம்பி:
வணக்கம் மக்களே. காலேஜ் டைம்ல வந்த பரு எல்லாம் போயிடுச்சு, ஆனா ரெண்டு கன்னத்துலயும் குழி விட்டுட்டு போயிருக்கு. மாநிறத்துக்கும் கொஞ்சம் மேல கருப்பு நான். ஒரு கிளினிக்ல காட்டுனேன், டாக்டர் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு போயிட்டார், மீதி எல்லாம் கவுன்சிலர் தான் பேசுனாங்க, ஃப்ராக்ஷனல் சிஓ2 லேசர் ஆறு சிட்டிங் பேக்கேஜ், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுனா டிஸ்கவுண்ட்னு. தை மாசம் தங்கச்சி கல்யாணம், அதுக்குள்ள முகம் சரியாகணும், ரெண்டு மாசம் கூட இல்ல. கட்டலாமா?

வைகைக்கரை:
தம்பி தயவுசெஞ்சு கட்டாதீங்க. எனக்கும் இதே லேசர் தான் பண்ணுனாங்க. குழி கொஞ்சம் மேடேறுச்சு, உண்மை, ஆனா ரெண்டு கன்னமும் கருத்துப் போச்சு, அதுவும் சும்மா இல்ல, லேசர் பட்ட இடம் கட்டம் கட்டமா புள்ளி அச்சோட கண்ணாடில தெரிஞ்சுது. அது வரைக்கும் குழிய பத்தி யாரும் கேட்டதில்ல, அப்புறம் பாக்கறவங்க எல்லாம் மூஞ்சிக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க. மங்க மாசக்கணக்காச்சு. இது வெள்ளக்காரங்க தோலுக்கு செஞ்ச மிஷின், நம்ம கலருக்கு ஆகாது.

ஸ்கின்பிஜி:
டெர்மட்டாலஜி பிஜி படிக்கிறேன். அக்காவுக்கு நடந்தது எங்க ஓபிலயும் பாக்கறது தான், அத மறுக்கவே மாட்டேன். ஆனா நம்ம கலருக்கு ஆகாதுங்கறத ஒத்துக்க முடியாது.

பழைய சிஓ2 லேசர் மேல் தோல முழுசா உரிச்சு எடுத்துடும், அத நம்ம தோல்ல பண்ண பயப்படணும். 2004ல பாஸ்டன்ல மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன்னு தோல் லேசர் ஆராய்ச்சி பண்ற டாக்டருங்க எல்லாம் சேர்ந்து வெளியிட்ட ஐடியா தான் ஃப்ராக்ஷனல். கண்ணுக்கு சரியா தெரியாத சின்ன சின்ன தூணா சுட்டுட்டு நடுவுல நல்ல தோல விட்டுடறது, அந்த நல்ல தோல்ல இருந்து செல் நகர்ந்து வந்து சீக்கிரம் மூடிடும், உள்ள புது கொலாஜன், அதாவது தோல தாங்கிப் புடிக்கற புரத நார், வரும். சிஓ2வோட 10,600 நானோமீட்டர் அலை தோல்ல இருக்கற தண்ணிய தான் சுடுது, கருப்பு நிறமிய இல்ல. அப்புறம் ஏன் கருக்குதுன்னா, சூட்டுல வர அழற்சிக்கு நம்ம தோல் நிறமிய அள்ளி கொட்டுது. அதனால தான் நமக்கு புள்ளிய நெருக்கமா வைக்கக் கூடாது, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது, சிட்டிங்குக்கு நடுவுல நல்லா கேப் விடணும், முன்னாடியும் பின்னாடியும் சன்ஸ்க்ரீன் கட்டாயம். அக்கா சொல்ற அந்த கட்டம், பவரும் நெருக்கமும் ஜாஸ்தியா வச்சிருப்பாங்கன்னு தான் நினைக்க வைக்குது.

வைகைக்கரை:
டாக்டர் தம்பி, நீங்க சொல்றது படிக்க நல்லா இருக்கு. எனக்கு லேசர் புடிச்சது ஒரு டெக்னீஷியன், டாக்டர் ரூமுக்குள்ளயே வரல. அதுக்கு முந்துன நாள் வரைக்கும் வண்டில வெயில்ல தான் சுத்திட்டு இருந்தேன், வெயில்ல போனியான்னு ஒருத்தரும் கேக்கல. நெருக்கம் எவ்வளவு, பவர் எவ்வளவுன்னு கேட்டா எந்த கவுன்சிலர் பதில் சொல்லுவாங்க? நல்லா பண்ணுனா நல்லா வரும், சரி, ஆனா நல்லா பண்றாங்களான்னு மரத்துப் போற க்ரீம் தடவி படுத்திருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? முகம் போனா போனது தானே!

உப்பளம்:
முழுசா ஒதுக்கிடாதீங்க அக்கா. கொதிக்கற எண்ணெய் கொட்டி என் முழங்கைல தழும்பு இறுகிப் போய் கைய நீட்டவே முடியாம இருந்துச்சு. இதே ஃப்ராக்ஷனல் சிஓ2 தான் வச்சாங்க, ஸ்கின் டாக்டரே கூட நின்னு. பண்ணுன மறுநாள்ல இருந்து மணல் ஒட்டுன மாதிரி சொரசொரன்னு இருக்கும், பிச்சு எடுக்கவே கூடாது, தானா உதிரணும். தழும்பு மறையல, ஆனா தோல் இளகி கை நீளுது, எனக்கு அது தான் வேண்டியிருந்துச்சு.

பென்ஷனர்58:
குறுக்க வரேன். வீட்டம்மாவுக்கு கன்னத்துல மங்கு இருக்கு, வெயில்ல வயசானதால வந்தது, இதே லேசர்ல போயிடும்னு ஒரு இடத்துல சொல்றாங்களே?

ஸ்கின்பிஜி:
ஐயா, மங்குக்கு சிஓ2 வேண்டாம், சூடு பட்டா இன்னும் கருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. சன்ஸ்க்ரீன், டாக்டர் எழுதிக் குடுக்கற க்ரீம், இது தான் முதல்ல. வெயில்ல வெள்ளத்தோலுக்கு சுருக்கம் சீக்கிரம் வரும், நமக்கு பெரும்பாலும் திட்டு தான் முதல்ல வரும், அவங்க ரிசல்ட் போட்டோவ பாத்து நாம முடிவெடுக்கக் கூடாது.

திருப்பூர் தம்பி, கன்னத்த ரெண்டு விரலால லேசா இழுத்துப் பாருங்க. இழுத்தா மறையற அகலமான குழின்னா அடில நார் புடிச்சு இழுக்குது, ஊசிய உள்ள விட்டு அறுத்து விடற சப்சிஷன் பண்ணிட்டு அப்புறம் தான் லேசர். ஊசி குத்துன கணக்கா ஆழமா குறுகலா இருந்தா லேசர் அடி வரைக்கும் போய் சேராது, அதுக்கு டிசிஏ ஆசிட்ட அந்த குழிக்குள்ள மட்டும் தொட்டு வைப்பாங்க. எல்லாருக்கும் ஒரே ஆறு சிட்டிங் பேக்கேஜ்னு சொல்றப்பவே உங்க குழிய யாரும் சரியா பாக்கலன்னு அர்த்தம். அப்புறம் கொலாஜன் செட்டாக மாசக்கணக்காகும், கல்யாணத்துக்குள்ள ரிசல்ட் வராது.

வைகைக்கரை:
அந்த கடைசி வரி ஒண்ணுல நாம ரெண்டு பேரும் ஒத்துப் போறோம். கல்யாண போட்டோல கருத்த மூஞ்சியோட நிக்கறதுக்கு குழியோட நிக்கலாம் தம்பி. தை முடியட்டும், அப்புறமும் வேணும்னா தாடைக்கு கீழ ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு முகத்துக்கு வாங்க. அதுவும் டாக்டர் கைல மட்டும். நானா இருந்தா அப்பவும் பண்ண மாட்டேன்.

திருப்பூர்தம்பி:
அட்வான்ஸ் கட்டல. இழுத்துப் பாத்தேன், பாதி மறையுது பாதி மறையல, ரெண்டு வகையும் இருக்கும் போல. மெடிக்கல் காலேஜ் ஸ்கின் ஓபிக்கு போனா பாப்பாங்களா டாக்டர்?

ஸ்கின்பிஜி:
பாப்பாங்க. காலைல சீக்கிரம் வந்து ஓபி சீட்டு போடுங்க. இதுவரைக்கும் பருவுக்கு சாப்ட்ட மாத்திரை, தடவுன க்ரீம் அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, பெரிசா வீங்குற தழும்பு வீட்ல யாருக்காவது இருந்தா அதையும் சொல்லுங்க.