சேமப்படியா, காப்புப்பிரதியா? நோயாளர் தரவுத்தளப் பராமரிப்புக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நோயாளர் பதிவு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில், தரவு அழிந்தால் மீட்பதற்காக எடுத்துவைக்கும் நகலைக் குறிக்கும் 'பேக்கப்' என்பதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்ற உரையாடலில் இதுவரை காப்புப்பிரதி, காப்புநகல், மறுபடி என்ற மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மறுபடி என்பது 'மீண்டும்' என்ற பொருளில் நாள்தோறும் நாவில் புழங்கும் சொல்லாகையால் அதை முதலிலேயே விலக்கிவிடலாம் என்று கருதுகிறேன். மற்ற இரண்டையும் அவ்வளவு எளிதில் விலக்க இயலாது. காப்புப்பிரதி பல ஆண்டுகளாகக் கைபேசிகளிலும் கணினிகளிலும் வழக்கில் இருக்கிறது. ஆனாலும், ஒரு சிறு மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பராமரித்துவரும் அனுபவத்தில், அந்தச் சொல் இந்த இடத்துக்குப் போதாது என்றே சொல்ல விரும்புகிறேன்.

முதல் தடை திரையிலேயே இருக்கிறது. பொதுவான மென்பொருள்களில் காப்பு என்ற பகுதி தனித்து நிற்கும். மருத்துவமனை மென்பொருளிலோ ஒவ்வொரு நோயாளருக்கும் காப்பீட்டு விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும். காப்பீடு, காப்புப்பிரதி, காப்பகம் ஆகிய மூன்றும் ஒரே பட்டியில் அடுத்தடுத்து வரும்போது, வரவேற்பு மேசையில் நெரிசலுக்கு நடுவே வேலை செய்யும் ஊழியர் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் பார்த்துச் சுட்டியை அழுத்துவார். அது அவருடைய பிழையாகாது; சொற்களைத் தேர்ந்த நம்முடைய பிழையாகும்.

இரண்டாம் தடை பொருளைச் சார்ந்தது. காப்பு என்ற சொல் காத்தல் நிறைவேறிவிட்டதாக உறுதி சொல்கிறது. திருவிழாவில் காப்புக் கட்டினாலும் நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடினாலும் இனித் தீங்கு வராது என்ற நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. நள்ளிரவில் தானாக இயங்கி ஒரு கோப்பை எழுதிவிட்டு, 'காப்புப்பிரதி எடுக்கப்பட்டது' என்று திரையில் காட்டும் நிரலுக்கு அந்த உறுதியைச் சொல்ல உரிமை கிடையாது. அந்தக் கோப்பைத் திறந்து பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா என்று அது சோதிப்பதில்லை.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்ததை இங்கு நினைவூட்டலாம். அதை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. முதன்மைச் சர்வரின் மாற்றங்களைத் துணைச் சர்வருக்கு அனுப்பும் நகலாக்கத்தில் எழுந்த சிக்கல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்பட்டுவந்ததாக எல்லோரும் நம்பிய காப்புப்பிரதிகளைத் தேடியபோது அவை இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பாக இருக்க, அவற்றை எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோல்வியடைந்திருந்தது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் தரவின் அப்போதைய நிலையை அப்படியே பதிந்து எடுத்திருந்த படிமம் ஒன்று கிடைத்ததால் மட்டுமே பெரும்பகுதி மீண்டது. ஒரு மருத்துவமனையில் 6 மணி நேரம் என்றால் ஒரு நாளின் நோயாளர் அனைவருக்கும் எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகளும், யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்புகளும் போய்விட்டன என்று பொருள்.

ஆகவே, எடுத்த கோப்புக்கு ஒரு பெயரும், எடுத்தபின் மீட்டுப் பார்த்து உறுதி செய்யப்பட்ட கோப்புக்கு வேறொரு பெயரும் இருக்க வேண்டும் என்பது என் வாதம். முதலாவதற்கு வெறும் 'படி' போதும். ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதுவதைப் படியெடுத்தல் என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று இன்றும் எழுதுகிறோம். நகல், பிரதி ஆகியவற்றோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் படி என்பதிலிருந்து படியெடு என்ற வினை இயல்பாகக் கிடைக்கிறது, பொத்தானில் வைக்கும் அளவுக்குச் சுருக்கமாகவும் இருக்கிறது.

இரண்டாவதற்கு 'சேமப்படி' என்பதை முன்மொழிகிறேன். புறநானூற்றின் 102ஆம் பாடலில் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு' என்பதோடு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் நிறைய ஏற்றியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யார் அறிவார் என எண்ணி, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதுதான் சேம அச்சு. நாம் தேடும் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தென்படவில்லை. மூல அச்சு முறிந்தால் அந்த இடத்திலேயே மாட்டி வண்டியை ஓட்டக்கூடியதாக இருந்தால்தான் அது சேம அச்சு. சக்கரத்தில் பொருந்தாத கட்டையை அடியில் கட்டிக்கொண்டு போவது கூடுதல் பாரம்.

எழக்கூடிய எதிர்ப்புகள் மூன்று. சேமம் வடசொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. சங்கப் பாடலிலேயே தமிழ் ஒலிக்கு இசைந்து, இதே பொருளில் ஆளப்பட்ட சொல்லை அந்தக் காரணத்துக்காக விலக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பயணப்படி, பஞ்சப்படி என்பவற்றைப் போல இதையும் ஊதியத்தோடு சேர்ந்த ஒரு தொகையாக எண்ணக்கூடும் என்பது மற்றொன்று. மென்பொருளின் பராமரிப்புப் பக்கத்தில் அந்தக் குழப்பம் எழ வாய்ப்பு குறைவு. சம்பளப் பட்டியலைக் கையாளும் மென்பொருளாக இருந்தால் நானே தயங்கியிருப்பேன். 'சேமி' என்ற பொத்தானோடு ஒலி நெருக்கம் இருக்கிறது என்பது மூன்றாவது. இதற்கு மட்டும் என்னிடம் முழுமையான விடை இல்லை. சேமி என்பது ஒவ்வொரு பதிவுப் பக்கத்தின் அடியிலும், சேமப்படி என்பது நிர்வாகப் பக்கத்தில் மட்டும் தோன்றும்படி பிரித்து வைப்பதே இப்போதைக்கு வழி.

ஒரு படி எப்போது சேமப்படி ஆகிறது என்பதையும் சொற்களாலேயே காட்ட வேண்டும். அதற்குரிய செயலை 'மீட்பு ஒத்திகை' என்று அழைக்கலாம். அதாவது, எடுத்த படியை நடைமுறையில் உள்ள தரவுத்தளத்தைத் தொடாமல் வேறொரு கணினியில் புதிதாக உருவாக்கிய வெற்றுத் தரவுத்தளத்துக்குள் ஏற்றி, மென்பொருளை அதனோடு இணைத்து, நோயாளர் எண்ணிக்கை பொருந்துகிறதா, கடைசியாகப் பதிவான நோயாளரின் பக்கம் திறக்கிறதா, தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறாமல் வருகின்றனவா என்று பார்ப்பது. இந்தப் பார்வைக்குச் 'சரிபார்' என்று எழுதாமல் 'ஒப்புநோக்கு' என்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சரிபார் என்பது கடவுச்சொல்லுக்கும் எழுத்துப்பிழைக்கும் கூடப் பயன்பட்டுத் தேய்ந்துவிட்டது. ஒப்புநோக்குதல் என்பது மூலத்தையும் படியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, பதிப்பாசிரியர்கள் ஏடுகளை வைத்துச் செய்ததும் அதுவே.

நான் செய்த முதல் ஒத்திகையில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரும் பிஜி டம்ப் கருவி, மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இயங்கினாலும், தான் தொடங்கிய கணத்தில் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அப்படியே முரணின்றி எடுத்துத் தரும். அது அதன் பெருமை. ஆனால் அது ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும்; பயனர் கணக்குகளும் அவர்களுக்குரிய கடவுச்சொற்களும் சர்வர் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை, ஏற்றியபோது உரிமையாளர் இல்லை என்ற பிழைச் செய்திகள் வரிசையாக வந்தன. அதைவிட மோசமானது, ஊடுகதிர்ப் படங்களும் ஆய்வக அறிக்கைகளும் தரவுத்தளத்துக்கு வெளியே ஒரு கோப்புறையில் இருந்ததும், அந்தக் கோப்புறையை எந்தப் படியும் தொடாததும் ஆகும். அந்தப் படிகளுக்கு இரண்டு ஆண்டுகளாகக் காப்புப்பிரதி என்ற பெயர் சூட்டப்பட்டிருந்தது.

எடுத்துவைத்த படியிலிருந்து தரவைத் திரும்பப் பெறும் 'ரெஸ்டோர்' என்பதற்கு வருகிறேன். மீட்டமை என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கடவுச்சொல்லை மீட்டமை, அமைப்புகளை மீட்டமை என்று, இருப்பதை நீக்கித் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. இழந்த நோயாளர் பதிவுகளைத் திரும்பப் பெற நினைப்பவர் முன் அந்தச் சொல்லை வைப்பது ஆபத்தானது. 'மீட்டெடு' தெளிவாக இருக்கிறது. ஆயினும் பொத்தானில் தனியாக விடக்கூடாது. திங்கட்கிழமை எடுத்த படியைப் புதன்கிழமை தரவுத்தளத்தின் மீது ஏற்றினால் இடைப்பட்ட நாள்களின் பதிவுகள் மறைந்துவிடும். ஆகையால் பொத்தானில் 'இந்தப் படியிலிருந்து மீட்டெடு' என்றும், அதன்கீழ் 'இந்தப் படி எடுக்கப்பட்ட நேரத்துக்குப் பின் பதிவானவை அனைத்தும் நீங்கிவிடும்' என்றும் நேரத்தோடு எழுத வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே வைக்கும் படிக்கு 'வெளியிடப் படி' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். இடத்தைக் குறிக்க நினைத்தது புரிகிறது. ஆனால் சேர்த்துப் படித்தால் வெளியிடுவதற்கான படி என்று ஆகிவிடுகிறது. நோயாளரின் அந்தரங்கத்தைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான பொருள் இருக்க முடியாது. 'அயலிடப் படி' என்று வைக்கலாம். கருத்து மிக முக்கியமானது: சேம அச்சும் வண்டியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, வண்டியே ஆற்றில் போனால் அதுவும் போய்விடும். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இதற்காகவே ஏற்பட்டது. பிணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் வன்தட்டை, பிணைத்தொகை கேட்கும் தீநிரல் மூலத்தோடு சேர்த்துப் பூட்டிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அயலிடத்துக்குச் செல்லும் படியைப் பூட்டி அனுப்ப வேண்டும் அல்லவா? அதற்குக் குறியாக்கம் என்று எழுதினால் எழுத்துகளின் யூனிகோடு குறியாக்கத்தோடு கலந்துவிடும். இரண்டும் ஒரே பக்கத்தில் தேவைப்படுவதால், இதற்கு 'மறையாக்கம்' என்பதே சரி.

உடனுக்குடன் மற்றொரு சர்வருக்கு மாற்றங்களை அனுப்பும் ஏற்பாட்டுக்குப் படி என்ற சொல்லையே தர வேண்டாம். இங்கே தவறுதலாக ஒரு நோயாளரை நீக்கினால் அங்கேயும் சில நொடிகளில் நீங்கிவிடும். உடல் அசைந்தபடி அசையும் நிழலைப் போன்றது அது; 'நிழல் சர்வர்', 'நிழலாக்கம்' என்றால் எவரும் அதைச் சேமப்படியாக நம்பமாட்டார்கள்.

பராமரிப்புச் சொற்களில் எனக்கு மிகுந்த கவலை தந்தது 'வேக்யூம்'. தமிழ் இடைமுகத்தின் வரைவில் அது 'வெற்றிடமாக்கு' என்று இருக்கிறது. தரவுத்தளத்தை வெற்றிடமாக்கவா என்று கேட்டால் எந்த மருத்துவரும் அஞ்சுவார். போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு வரியைத் திருத்தும்போது பழைய வரியை உடனே அழிப்பதில்லை. புதிய வடிவத்தை எழுதிவிட்டு, பழையதை யாரும் பார்க்காத நிலையில் விட்டுவைக்கிறது. அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தத் தருவதே இந்தச் செயல். 'பழைய பதிவுகளை நீக்கு' என்றாலும் தவறு. பத்தாண்டுக்கு முன் வந்த நோயாளரின் வரலாறு போய்விடும் என்று நினைப்பார்கள். 'சருகு நீக்கம்' என்று வைத்துப் பார்க்கிறேன். மரத்தில் இருக்கும் எந்த இலையும் விழுவதில்லை, ஏற்கெனவே உதிர்ந்தது மட்டும் அகற்றப்படுகிறது. பெரும்பாலும் தரவுத்தளமே இதைத் தானாகச் செய்துகொள்கிறது என்பதால் பொத்தான் தேவைப்படாமலும் போகலாம். நிலையறிக்கையில் மட்டும் 'கடைசிச் சருகு நீக்கம்' என்று தேதியைக் காட்டினால் போதும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் உங்கள் துணை வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 17ஆம் பதிப்பிலிருந்து, முழுவதையும் எடுக்காமல் முந்தைய படிக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் வசதி வந்திருக்கிறது. 'கூடுதல் படி' என்றால் இன்னொரு முழுப்படி என்று பொருள்படும். அதை மட்டும் வைத்துக்கொண்டு முழுப்படியை அழித்துவிடும் ஆபத்து உண்டு. முழுப்படியில் தொடங்கி இடையில் ஒன்றும் விடுபடாமல் இருந்தால்தான் இவற்றிலிருந்து மீட்க முடியும் என்பதால், 'தொடர்படி' என்று எண்ணியிருக்கிறேன். முந்தையதைச் சார்ந்து நிற்பது என்ற பொருளை அது போதிய அளவு உணர்த்துகிறதா, அல்லது 'சார்படி' போன்ற ஒன்று இன்னும் தெளிவாக இருக்குமா என்று தரவுத்தளப் பழக்கம் இல்லாத இருவர் மூவரிடம் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.