ஏஞ்சல் மீன் பாறையில் உரசுகிறது, கண் மங்கல்: காப்பர் ஊற்றலாமா?

நீலத்தொட்டி: நான்கு அடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), 300 லிட்டர், 26 டிகிரி. புதிதாக விட்ட கோரல் பியூட்டி ஏஞ்சல் மீன் பாறையில் உரசிக்கொண்டே இருக்கிறது. ஒரு கண் மங்கல். வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை. கடைக்காரர் காப்பர் (செம்பு) மருந்து ஊற்றச் சொல்கிறார். உள்ளே கோரலும் கிளீனர் இறாலும் இருக்கின்றன.

அலைவாய்: ஊற்றிவிடாதீர்கள்! முதலில் இறால் போகும், பின்னாலேயே கோரல். லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் பாறை) வேறு காப்பரை இழுத்து வைத்துக்கொள்ளும். மீன் மூச்சு வேகமாக வாங்குகிறதா? உடம்பில் பொன்னிறத் தூசி படிந்திருக்கிறதா? இருந்தால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். அது ஓரிரு நாளில் முடித்துவிடும்.

நீலத்தொட்டி: இரண்டும் இல்லை அண்ணா. சாப்பிடுகிறது.

அலைவாய்: அப்போ ஃப்ளூக் மேல்தான் என் சந்தேகம். நிறமே இல்லாத தட்டைப்புழு, மீன் மேல் இருக்கும்போது தெரியாது. மீனை உப்பில்லாத நல்ல தண்ணீரில் 5 நிமிடம் விட்டுப் பாருங்கள், புழு வெளுத்து உதிரும். ஆர்ஓ தண்ணீரை டேங்க் சூட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா போட்டு பிஎச்சை டேங்க் அளவுக்கு ஏற்றி, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓட விடுங்கள். கறுப்பு வாளி நல்லது. மீன் ரொம்பத் தவித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

கரையோரம்: வெள்ளைப்புள்ளி நோய்க்கும் இதே குளியல் போதுமா?

அலைவாய்: போதாது. அந்த ஒட்டுண்ணி தோலுக்குள் புதைந்திருக்கும், நல்ல தண்ணீர் எட்டாது. மீன்களைத் தனி டேங்குக்கு மாற்றிக் காப்பர் கொடுக்க வேண்டும். ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாக, ரீஃப் டேங்க் 76 நாள் மீனில்லாமல் கிடக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

நீலத்தொட்டி: குளியல் கொடுத்தேன். வாளியடியில் எள் அளவுக்கு வெள்ளையாக ஏழெட்டு!

அலைவாய்: ஃப்ளூக்கேதான். காப்பர் அதை ஒன்றும் செய்யாது, பிரசிகுவான்டெல் என்ற புழுமருந்து வேண்டும். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். பாறை, மணல் போக 240 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 600 மில்லிகிராம். மாத்திரையில் வேறு சேர்மானம் இருக்கும், மீனுக்கென்று விற்பதையே வாங்குங்கள். சீக்கிரம் கரையாது, டேங்க் தண்ணீரிலேயே நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். ஃபில்டரில் உள்ள கார்பனை எடுத்துவிட்டு, ஸ்கிம்மரை (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) நிறுத்தி, காற்று அதிகம் கொடுங்கள். குழாய்ப் புழுக்கள் இருந்தால் அவை செத்துப்போகலாம். கோரலும் இறாலும் பெரும்பாலும் தாங்கும்.

முட்டையை மருந்து கொல்லாது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஊற்றுங்கள், அதற்குள் பொரித்தவை மாட்டும்.

நீலத்தொட்டி: அதே வலையைப் பக்கத்து டேங்கில் போடலாமா?

அலைவாய்: கூடாது. முட்டையில் நீளமான நூல் இருக்கும், வலையில் சிக்கிக்கொண்டு கூடவே வரும். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, அப்புறம் தொடுங்கள்.