புதுப்பிப்பு: கார்ட்டூன் ரசிகனாக இருப்பது விசுவாசத்துக்கு இடறலா?

'மை லிட்டில் போனி' (2010–2019 தொடர்) பார்க்கிறேன், அதில் மந்திரம் வருகிறதே, தப்பா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் ரோமர் 14-ஐ (சாப்பாடு போன்ற காரியங்களில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்ற பைபிள் அதிகாரம்) காட்டினீர்கள். சரிதான், ஆனால் மனசு அடங்கவில்லை. கைகொடுத்தது, உண்மையும் கற்பும் உள்ளவைகளையே சிந்தியுங்கள் என்கிற பிலிப்பியர் 4:8-இல் ஒவ்வொரு எபிசோடையும் உரசிப் பாருங்கள் என்ற யோசனை. நோட்டுப் போட்டு எழுதினேன். நேர்மை, இரக்கம், தாராளம் என்று தொடர் தப்பித்துவிட்டது, மாட்டிக்கொண்டது நான்தான். ராத்திரி ஒரு மணிவரை ரசிகர்கள் எழுதிய கதைகள், காலை ஜெபத்தில் கொட்டாவி! சில ரசிகர் படங்கள் 'கற்புள்ளவைகளெவைகளோ' என்ற இடத்திலேயே விழுந்தன. அவை வந்த ரசிகர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். பத்து மணிக்கு மேல் போனைத் தொடுவதில்லை. தொடரை விடவில்லை.

எதிர்பாராதது: பாஸ்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் மகளும் தொடரில் வரும் ஃபிளட்டர்ஷை என்ற போனியின் ரசிகையாம்.