கண்டியைச் சுற்றி டூர் வேன் நிற்காத இடங்கள் இருந்தால் சொல்லுங்கள்

குண்டசாலை_வாடகைவீடு:
வேலை மாறி மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு வந்து கொஞ்ச நாளாகிறது. தலதா மாளிகை, பேராதனைப் பூந்தோட்டம், குளத்தடியில் பின்னேரம் நடக்கிற நடன ஷோ எல்லாம் பார்த்தாயிற்று. நெட்டில் தேடினால் அதே பத்து இடமும் ஒன்பது வளைவுப் பாலத்துப் படமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சனி ஞாயிறில் காலையில் பஸ் ஏறிப் பொழுதுபடுவதற்குள் திரும்பக்கூடிய இடங்கள் வேண்டும். நம் ஆட்களுடைய கூத்து, திருவிழா இருந்தால் எந்த மாதம் என்றும் சொல்லுங்கள். சொந்த வாகனம் இல்லை, சிங்களம் சமாளிப்பேன்.

பிலிமத்தலாவை_வாசி:
எங்கள் பக்கம் வாருங்கள். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று மூன்று கோயில்கள். டூர் வேன் வராத இடம் என்று சொல்லமாட்டேன், வரும். ஆனால் வருகிறவர்கள் அவசரமாகப் படம் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இந்த மூன்றையும் வயலும் வீடுமாக இருக்கிற ஊர்ப்பாதையில் நடந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டும் 1344இல், கம்பளையில் ராஜதானி இருந்த காலத்தில் எழும்பியவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியர், அந்தக் கல்தூண்களைப் பார்த்தவுடனேயே விஷயம் விளங்கிவிடும். லங்காதிலகவில் ஒரே கட்டடத்துக்குள் முன்னால் புத்தர், சுற்றிவந்தால் பிள்ளையார், கந்தன், விபீஷணன் எல்லாரும் இருக்கிறார்கள். அங்கே பாறையில் வெட்டியிருக்கிற சாசனம் சிங்களத்தில் மட்டுமல்ல, தமிழிலும் உண்டு. நம் ஆட்கள் எத்தனையோ பேர் அதுவரைக்கும் போய் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல்.

எம்பெக்க கதிர்காமக் கடவுளின் தேவாலயம். மேளக்காரர் மண்டபத்து மரத்தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: மல்லுக்கட்டுகிறவர்கள், இரட்டைத்தலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய். அப்புறம் அண்ணாந்து கூரையின் கோடியைப் பாருங்கள், 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆப்பு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கம்பளைக்காரி:
தேயிலை என்று கேட்டால் எல்லாரும் ஹந்தானை மியூசியத்தைத்தான் காட்டுவார்கள். 1925இல் கட்டின பெக்டரி, நாலு மாடி, பழைய மெஷின்கள், இலங்கையில் முதன்முதல் வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் பாவித்த சாமான்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கொழுந்து பறித்த கைகளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தம்பி, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குத்தான் வரவேண்டும். அங்கே நூறு வருஷம் தாண்டிய லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்தார்கள். பெரிய கண்ணாடிப் பெட்டி, லைட் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த லயத்து அறை, காம்பிரா என்போம், எவ்வளவு சின்னது, அதற்குள் ஒரு குடும்பம் எப்படிச் சமைத்துப் படுத்து எழும்பியது என்பதைப் பார்க்கத்தான் போக வேண்டும். போக முதல் போன் பண்ணித் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், வாசல் வரை போய்த் திரும்பினால் ஏறின ஏற்றம் வீண்.

டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர ஹேவாஹெட்டப் பக்கம் இருக்கிறது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கையைக் காட்டுவார்கள். ஆள் 1892இல் இறந்து, கண்டி மஹியாவ மயானத்தில் கிடக்கிறார்.

தப்புச்சத்தம்:
கூத்து என்று கேட்டதால் சொல்கிறேன். மாசி மாதம் வரட்டும். கண்டி, மாத்தளை, நுவரெலியா தோட்டங்கள் பலவற்றில் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு இரவும் தப்புச் சத்தம், பாட்டு. பௌர்ணமி நெருங்குகிற கடைசி இரவுதான் பெரிய கூத்து: ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி லயம் லயமாக ஆடி வருவார்கள், தூதன், நந்தி, எமன், வீரபத்திரன், குறவன் குறத்தி என்று ஒவ்வொருவராக இறங்குவார்கள், விடியற்காலையில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். ரதி ஒப்பாரி வைக்கும்போது சுற்றி நிற்கிற பெண்களும் சேர்ந்து அழுவார்கள். விடிய விடிய நடப்பதால் பொழுதுபடத் திரும்புகிற கணக்கு இதற்குச் சரிவராது, லீவு போடுங்கள். பனியில் நிற்க ஸ்வெட்டரும் வேண்டும்.

ஹட்டன்_மூன்றாம்நம்பர்மலை:
இதையெல்லாம் இப்படிப் பொதுவில் போட்டால் அடுத்த வருஷம் ட்ரோனோடு வந்து நிற்பார்கள். வேஷம் கட்டுகிறவன் காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுகிறான், அவன் முகத்துக்கு நேரே லைட் அடித்து வீடியோ எடுத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. டிக்கெட் போட்டு நடத்துகிற ஷோ இல்லை இது.

தப்புச்சத்தம்:
அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்தால் நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் போகும், பல தோட்டங்களில் ஆட ஆளில்லாமல் விட்டேவிட்டார்கள். கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரே ஒரு விஷயம்: அந்தத் தோட்டத்து ஆள் ஒருவரோடு போங்கள், முதலில் கூத்து மாஸ்டரைக் கண்டு கதைத்துவிட்டு நில்லுங்கள். அவர் எடு என்றால் மட்டும் போனை எடுங்கள்.

மாசியிலேயே மாத்தளை முத்துமாரியம்மன் தேரும் வரும், மாசி மகத்தை ஒட்டி, ஐந்து தேர். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்த நம் ஆட்கள் மலைக்கு ஏறுவதற்கு முன் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. அவர்கள் வந்து 200 வருஷமானதை நினைத்து 2023இல் நடத்தின மலையகம் 200 நடைபயணமும் தலைமன்னாரில் புறப்பட்டு அங்கேதான் முடிந்தது. தேரன்று கூட்டத்தில் கோயிலை ஆறுதலாகப் பார்க்க முடியாது, 108 அடிக் கோபுரத்தைப் பார்க்க வேறொரு நாள் போங்கள். அப்படிப் போகிற நாளில் தம்புள்ளை ரோட்டிலேயே இன்னும் மேலே போனால் நாலந்தா கெடிகே. பொவதென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்ப அடுக்கின பழைய கோயில். பெரும்பாலும் ஒரு ஈ காக்கை இருக்காது.

டவுன்_ஆள்:
எல்லாரும் வெளியூருக்கே அனுப்புகிறீர்கள். டவுனுக்குள்ளேயே, தலதா மாளிகைக்குப் பின்னால் மியூசியத்தைத் தாண்டி ஏறினால் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். கண்டி ராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்குக் கொடுத்த 1815 கண்டி ஒப்பந்தத்தை எழுதின ஜோன் டொய்லி 1824இல் இங்கேதான் புதைக்கப்பட்டார். 1856இல் யானை அடித்துச் செத்த ரொபர்ட்சன் என்பவரும் உண்டு. அநேகம் பேர் இளம் வயதிலேயே போனவர்கள், கல்லில் வயதைப் படித்துக்கொண்டே நடங்கள்.

பெரஹராவுக்கு, அதுதான் தலதா மாளிகை ஊர்வலத்துக்கு, ஒரு யோசனை. ஜூலை, ஆகஸ்டில் வரும், ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும். ரந்தோலி என்கிற கடைசிப் பெரிய ஊர்வல இரவுகளில் நடைபாதைக் கதிரைக்குக் கேட்கிற காசு வேலைக்குப் போகிறவனுக்குக் கட்டாது. அதற்கு முந்திய இரவுகளில் வருகிற, கும்பல் பெரஹரா என்கிற சின்ன ஊர்வலத்தைப் பாருங்கள், சனம் குறைவு, மேளக்காரர் முகம் தெரியும். எல்லாம் முடிந்தபின் கெட்டம்பையில் மகாவலியில் நீர் வெட்டுகிற சடங்கு, அன்று பகல் பெரஹரா. வெளியூர்க்காரர் அதற்குள் பெட்டி கட்டிவிடுவார்கள்.

குண்டசாலை_வாடகைவீடு:
எல்லாருக்கும் நன்றி, மாசிக்கு இப்போதே லீவு எழுதப் போகிறேன். வருகிற சனி பிலிமத்தலாவை. எந்தக் கோயிலில் தொடங்குவது நல்லது?

பிலிமத்தலாவை_வாசி:
எம்பெக்க. கண்டியிலிருந்து பஸ்ஸில் நேரே அங்கே போய்விட்டு, லங்காதிலக, கடலாதெனிய என்று நடந்து வந்தால் முடிகிற இடம் கொழும்பு ரோட்டுக்குக் கிட்ட. திரும்ப பஸ்ஸுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. முழங்கால் மறைகிற உடுப்பு போடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், லங்காதிலகப் பாறை மத்தியானத்தில் காலைச் சுட்டுவிடும். அதனால் பதினொரு மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள்.